மேஜர் தவிர மற்ற தாள்கள்: காரைக்குடியில் படித்தும் சொல்லிக்கொடுத்தும் கண்டவை

காரைக்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாண்டு வகுப்பு ஆலோசகர் பொறுப்பும் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். சேர்க்கை முடிந்து பாடப் பட்டியலைக் கையில் வாங்கியதும் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "கெமிஸ்ட்ரி படிக்க வந்த பிள்ளைக்கு மறுபடியும் தமிழ், இங்கிலீஷ், சுற்றுச்சூழல் எல்லாம் எதுக்கு மேடம்? பன்னிரண்டாவதோட அதெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சோம்."

நியாயமான கேள்வி. புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிப் பணம் கட்டுகிற அப்பா கேட்டால் அதற்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும். "சிலபஸ்ல இருக்கு, படிக்கணும்" என்பது பதில் ஆகாது. இதே ஊரில் இதே மாதிரித் தாள்களை நானும் படித்து எழுதியவள் என்பதால் நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி. பட்டம் ஐந்து பகுதியாக இருக்கும். பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் இரண்டு ஆங்கிலம். இவை பெரும்பாலும் முதல் நாலு செமஸ்டருக்கு வரும். பார்ட் மூன்றில்தான் மேஜர் என்கிற முதன்மைப் பாடம், அதற்குத் துணையான அலைடு, விருப்பப் பாடமான எலெக்டிவ் எல்லாம். பார்ட் நான்கில் வேறு துறையில் எடுக்கிற என்.எம்.இ. (நான் மேஜர் எலெக்டிவ்), திறன் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. பார்ட் ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு எடை உண்டு, மொத்தம் 140 கிரெடிட். தமிழும் ஆங்கிலமும் நாலு செமஸ்டர் இருக்கிற இடத்தில் அவை மட்டுமே 24 கிரெடிட் ஆகிவிடும்.

இனி, யாரும் முதல் நாளே சொல்லித் தராத விஷயம். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று போடுவது பார்ட் மூன்று மதிப்பெண்ணை வைத்துத்தான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாக வகுப்புப் போடுவார்கள். பார்ட் நான்கும் ஐந்தும் அந்தக் கணக்கில் சேராது. பிள்ளைகள் இதைச் சீனியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்போ அது சும்மாதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் பட்டம் கிடையாது. மேஜரில் 90 வாங்கியிருந்தாலும் கிடையாது.

எங்கள் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. மேஜரில் நல்ல மதிப்பெண். மதிப்புக் கல்வித் தாள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் கடைசி வேளையில். நாலு மணிக்கு டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் வீடு போய்ச்சேர இருட்டிவிடும். வீட்டில் திட்டு. அதனால் அந்த வகுப்பில் பாதி நாள் இருக்க மாட்டாள். கல்லூரியே போடுகிற இன்டர்னல் மதிப்பெண்ணில் 25-க்கு மிகக் குறைவு. செமஸ்டரில் 75-க்கு 30 எடுத்தால் போதும் என்கிற இடத்தில் அதுவும் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் எழுதலாம் என்று தள்ளினாள். அந்தத் தாளும் மேஜர் தாளும் அடுத்தடுத்த நாள் வந்தன, மேஜருக்குப் படித்தாள். பட்டம் முடித்து பி.எட். விண்ணப்பிக்கப் போனபோது புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) கையில் இல்லை. அரியர் தேர்வு அடுத்த நவம்பரில்தான். ஒரு வருஷம் போனது. அவள் சோம்பேறியும் இல்லை, மக்கும் இல்லை. அந்த நேரம் பஸ் இருந்திருந்தால் அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் எங்கள் துறையில் பேசி, பார்ட் நான்கு வகுப்புகளைக் காலை இரண்டாம் மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம். ஒரு பகுதி மாறியது. உங்கள் கல்லூரியிலும் கேளுங்கள். கால அட்டவணை கல்லில் செதுக்கியது இல்லை. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து துறைத்தலைவரிடம் போய்ப் பேசினால் நடக்கிற காரியம்தான்.

இறுதியாண்டு முடிவில் ஒரே ஒரு தாள் மட்டும் பாக்கி என்றால் உடனடித் துணைத்தேர்வு நடத்துகிற பல்கலைக்கழகங்கள் உண்டு. அறிவிப்பு வந்து சில நாளில் பணம் கட்ட வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்த அன்றே தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது விதி. ஆனால் விதிக்குப் பயந்து மட்டும் இந்தத் தாள்களைப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. என் வாழ்க்கையில் அதிகம் கூடவே வந்தது இந்தப் பகுதிதான்.

என்.எம்.இ.க்கு நான் வணிகவியல் துறையின் அடிப்படைக் கணக்குப்பதிவியல் எடுத்தேன். தோழிகள் எல்லாரும் விலங்கியல் துறைத் தாளுக்குப் போனார்கள், மார்க் சுலபம் என்று. எங்கள் அண்ணன் அப்போது ஆத்தங்குடியில் கல் பட்டறை போட்டிருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் ஆக்சைடு கலந்த சாயத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற ஆத்தங்குடிக் கல். சிவப்பு இரும்பு ஆக்சைடு ஏன் வெயிலில் வெளுக்காது என்று அண்ணனுக்கு என்னால் விளக்க முடியும். ஆனால் அண்ணனுக்கு இருந்த கஷ்டம் அது இல்லை. கையில் பணம் புழங்குகிறது, மாசக் கடைசியில் சிமெண்ட் கடைக்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை.

கணக்குப்பதிவியல் வகுப்பில் மூன்றாவது வாரமோ என்னவோ, முன்பணம் பற்றிப் பாடம் வந்தது. சரக்கைக் கொடுக்கும்வரை வாங்கின முன்பணம் வருமானம் ஆகாது, அது நாம் தர வேண்டிய கடன் என்றார் ஐயா. எனக்கு அங்கேயே பட்டறை ஞாபகம்தான். வீட்டுக்கு வந்து அண்ணனுடைய நோட்டைப் பிரித்தால் எல்லா அட்வான்ஸும் வரவில் ஏறியிருக்கிறது. அதிலிருந்துதான் வீட்டுச் செலவும் ஓடியிருக்கிறது.

"ஏத்தா, வாங்குன அட்வான்ஸ் நம்ம பணம்தானே?" என்று கேட்டது அண்ணன்.

"கல்லு போய் எறங்குனாத்தான்ணே நம்ம பணம். அதுவரைக்கும் அவுக பணம்."

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறந்தோம். வாங்கின முன்பணம் ஒரு பக்கம், இறக்கின கல்லின் கிரயம் மறுபக்கம். யாருக்கு நாம் பாக்கி, யார் நமக்குப் பாக்கி என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. இரண்டு கிரெடிட் தாள் அது. பட்டறை இன்றைக்கும் அந்த நோட்டு முறையில்தான் ஓடுகிறது.

இந்த ஊரில் இது புது அறிவும் இல்லை. செட்டிநாட்டில் கொண்டுவிற்க, அதாவது வெளியூருக்குத் தொழில் செய்யப் போன வீடுகளில் சின்னப் பையனைப் பெட்டியடியில் உட்காரவைத்து, பேரேடு எழுதப் பழக்கி, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) கட்டத் தெரிந்த பிறகுதான் பொறுப்புக் கொடுப்பார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த தொழில்கள் அந்தப் பழக்கத்தில் நின்றவை. அந்தப் பழக்கம் வீட்டில் கிடைக்காத என்னைப் போன்ற பிள்ளைக்குக் கல்லூரியின் ஒரு சின்னத் தாள் அதைக் கொடுத்தது. அதனால்தான் என்.எம்.இ. தேர்ந்தெடுக்கிற நாளில் நான் பிள்ளைகளிடம் கேட்பது இதை மட்டும்தான்: உன் வீட்டில் எதற்கு ஆள் இல்லை? நிலப் பத்திரம் வாசிக்க ஆள் இல்லையென்றால் சட்டம் சம்பந்தப்பட்ட தாள் இருக்கிறதா பார். அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் ஊட்டச்சத்துத் தாள். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிச் சம்பாதிக்கலாம் என்று எண்ணம் இருந்தால் வரலாற்றுத் துறையின் சுற்றுலாத் தாள். தோழி எடுக்கிறாள் என்பது காரணமாக இருக்கக் கூடாது. இடம் குறைவு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே பெயர் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மீதி இருக்கிற துறைக்கு நம்மைத் தள்ளிவிடுவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். என்.எம்.இ. எல்லாருக்கும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காமல், பார்ட் ஒன்றிலும் வேறு மொழி எடுத்தவர்கள் அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பார்ட் ஒன்றுக்கு இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும். மார்க் வரும் என்று வேறு மொழிக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தமிழை விடாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 கேள்வி தமிழ். 300 மதிப்பெண்ணில் 150. அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 2 முதன்மைத் தேர்விலும் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அறிவியல் பிள்ளைகள் மூன்று வருஷம் தமிழைத் தொடாமல் இருந்துவிட்டு அதற்கென்று கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் தமிழம்மா பாட்டு நடத்தி முடித்ததும் கடைசிப் பத்து நிமிஷம் ஒரு மனு எழுதச் சொல்வார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு நாலே வரியில் விஷயம். ஐந்தாவது வரி எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். அந்தப் பயிற்சி எனக்குப் பாங்கிலும் பத்திரப் பதிவிலும் உதவியிருக்கிறது. பங்குனியில் கம்பன் விழா நடக்கிற ஊர் இது, 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் நடக்கிறது. பாடப் புத்தகத்தில் உள்ள கம்பராமாயணப் பகுதியை அந்த மேடையில் ஒருவர் விளக்கிக் கேட்டுவிட்டு வந்தால் தேர்வுக்கு உரைநூல் தேவைப்படாது.

சுற்றுச்சூழல் தாள் பலருக்கும் இளக்காரம். அது பல்கலைக்கழகம் தானாக நினைத்துச் சேர்த்ததில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதில் களப்பணியும் ஒரு பகுதி. அந்தக் களப்பணியை ஜெராக்ஸ் கடையில் சீனியர் நோட்டைப் பிரதி எடுத்து முடிப்பதுதான் வழக்கம். எங்கள் வகுப்பில் கண்டனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் அப்படிச் செய்யவில்லை. தங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலைக் கால்நடையாகவே தொடர்ந்து போயிருக்கிறார்கள். வழியில் ஓர் இடத்தில் பிளாட் போட்டு மேடாக்கியிருந்தது. கால்வாய் அங்கே ஒரு முழக் குழாய்க்குள் சுருங்கி, குழாய் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்துக் கிடந்தது. அதைத் தாளில் வரைந்து, எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அளந்து குறித்திருந்தார்கள். அந்த ஐந்து பக்கத்தை வைத்துக்கொண்டு, தமிழ் வகுப்பில் படித்த அதே மாதிரி மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கால்வாய் இன்னும் திறக்கவில்லை. பிள்ளைகள் விடுவதாகவும் இல்லை. வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள் இருக்கிற மாவட்டத்தில் இந்தத் தாளுக்கு விஷயம் பஞ்சமே இல்லை.

ஒரு துறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அவர் படித்தது ஆங்கில இலக்கியமும் சட்டமும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்தின் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் என் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வெளிநாட்டில் மேஜர் மட்டும் படிக்கலாம், இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகளின் பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்ததும் போன் செய்தான். "பெரியம்மா, டெக்சாஸ் கவர்ன்மென்ட்டெல்லாம் நான் எதுக்குப் படிக்கணும்?" அவனோடு சேர்ந்து உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். அங்கே பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் என்றால், டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் அதில் 42 பொதுப் பாடம். அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, எழுத்தும் பேச்சும் 6, அறிவியல் 6, கணிதம் 3. மீதி கலை, பண்பாடு, சமூக அறிவியல், விருப்பப் பாடம் என்று போகும். கணிதத்துக்கு அல்ஜீப்ரா எடுத்து முடித்துவிடலாம் என்று இருந்தான். இன்ஜினியரிங்குக்கு எப்படியும் கால்குலஸ் வேண்டும். அதை எடுத்தால் பொதுக் கணிதமும் அதிலேயே அடங்கிவிடும். அதேபோல் இயற்பியல். இப்படி ஒரே பாடம் இரண்டு தேவையைத் தீர்க்கிற இடங்களை முதல் செமஸ்டரிலேயே குறித்துக்கொண்டால் ஒரு செமஸ்டர் கட்டணமே மிச்சமாகும். இன்னொன்று: அந்த 42-ஐயும் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முழுதாக முடித்துவிட்டால், அந்த மாநிலத்தின் வேறு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது மொத்தமாக மாறும். பாதியில் விட்டுப் போனால் தாள் தாளாகப் பார்ப்பார்கள். உறவுக்காரப் பிள்ளைகள் அங்கே இருந்தால் சொல்லிவையுங்கள்.

இங்கே மத்தியப் பல்கலைக்கழகங்கள் பக்கம் போகிறவர்கள் யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு 120 கிரெடிட், நான்கு ஆண்டுக்கு 160. அதில் பிறதுறைப் பாடத்துக்கு 9 கிரெடிட். மேஜர், மைனர் (துணைப் பாடம்) வழியில் பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததையே அந்த 9-க்குள் மறுபடி எடுக்கக் கூடாது என்று விதி. அதனால் வேதியியல் பிள்ளை கட்டாயம் வேறு பக்கம் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அது பிடித்த விதி.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் எடுக்க யு.ஜி.சி. 2021-இல் வழி விட்டிருக்கிறது. ஆனால் உங்கள் கல்லூரி எந்தத் தாளுக்குப் பதில் எதை ஏற்கும் என்பது கல்லூரி முடிவு. சேருவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது; ஆள் மாறினால் சொல்லும் மாறும். வாங்கின கிரெடிட்டையெல்லாம் சேர்த்துவைக்கிற ஏ.பி.சி. கணக்கு ஐ.டி.யை டிஜிலாக்கர் வழியாக முதலாண்டிலேயே திறந்து, ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். எங்கள் பக்கம் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருப்பதாலேயே கிரெடிட் ஏறாமல் நிற்கிறது.

கடைசி செமஸ்டரில் தேர்வுக் கட்டணம் கட்டுகிறபோது, இதுவரை வந்த மார்க் ஷீட்டுகளை வரிசையாக அடுக்கி, பார்ட் நான்கு வரிகளை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். எந்த செமஸ்டரில் எந்தத் தாள், தேர்ச்சியா என்று. அப்புறம் பார்ட் ஐந்து. என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போய் ஏழு நாள் மண் சுமந்தும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போய் ஒரு பையனுக்கு அந்த வரி வெற்றாக வந்தது. வெற்றாக இருந்தால் அன்றைக்கே திட்ட அலுவலரைப் பிடியுங்கள். ஏப்ரல் தேர்வு முடிந்து கல்லூரி அடைத்துவிட்டால் ஜூன் வரை பதிவேடு இருக்கிற அலமாரியைத் திறக்க ஆள் கிடைக்காது.